பின்பாதியில் ஏறிய மூன்று நாள்

சான்று உள்ளவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன். பணிவு இதற்குக் காரணம் அன்று, தற்காப்பு. எனக்கு ஒரே ஒரு மகள். அவள் பிறந்ததற்குத் தாமே காரணம் என்று இதுவரை ஏழு பேர் என் முகத்துக்கு நேரே உரிமை கொண்டாடியிருக்கின்றனர். மலைவேம்பை அரைத்து வாயில் ஊற்றிய பெரியம்மாள் ஒருவர். ஓதிய நீரைச் செம்பில் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு மரைக்காயர் மனைவி ஒருவர். கட்டிலின் தலைமாட்டைக் கிழக்கே திருப்பச் சொன்ன சோதிடர் ஒருவர். மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து வீசிய மாம்பழத்தை எனக்காகப் பிடிக்கப்போய், பழத்தை மூக்கால் பிடித்து வீங்கி வந்த நாத்தனார் ஒருவர். மற்ற மூவரும் வெறும் வேண்டுதலோடு நின்றவர்கள். இத்தனை பேர் கூடிப் பெற்ற பிள்ளைக்கு என் சாயல் வந்தது வியப்பே.

ஆகவே என்னிடம் இருக்கும் தாள்களை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டம் போட்ட தாள்கள் ஏழு. என் கணவர் வரைந்தவை. நான் தமிழ் கற்பித்த பெண்கள் பள்ளியின் விடுப்பேட்டிலிருந்து தலைமையாசிரியை தம் கையால் படியெடுத்துத் தந்த துண்டுத்தாள் ஒன்று. பேச்சுகளுக்கு மட்டும் என் காதே சான்று. அவை மறக்கக்கூடிய பேச்சுகள் அல்ல.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இன்னும் பறந்த, ஐம்பதுகளின் தொடக்கம் அது. என் கணவர் நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். அந்த அலுவலகத்தை ஊரார் காதாஸ்தர் என்பார்கள். எங்களுக்குத் திருமணமாகி ஐந்தாண்டு முடிந்திருந்தது. வீட்டில் நாங்கள் இருவரும் மாமியாரும் மட்டுமே. ஆயினும் என் கருப்பை ஊரின் பொதுச்சொத்தாக இருந்தது. அதன் நிலவரத்தை மீன்காரி உட்பட எவரும் எந்நேரமும் விசாரிக்கலாம்.

ஊருக்கு அந்த நிலவரம் தெரிந்ததில் மறைபொருள் ஏதுமில்லை. மாதவிலக்கு வந்தவுடன் நான் பின்கட்டு அறைக்குச் சென்றுவிட வேண்டும். மூன்று நாள் அடுக்களையையும் கூடத்தையும் அலமாரியையும் தொடலாகாது. நான்காம் நாள் காலை தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வருவேன். மாமியாரின் கணக்கில் மாதம் தொடங்குவது அந்தக் காலையில்தான். முந்திய மூன்று நாளும் எந்த மாதத்துக்கும் உரியவை அல்ல. எல்லை ஊரான பூவத்துக்கு அப்பால் பிரெஞ்சுச் சுங்கத்துக்கும் இந்தியச் சுங்கத்துக்கும் நடுவே, இரு அரசுமே சாலை போடாமல் விட்டிருந்த பொட்டலைப் போன்றவை. இந்தக் கணக்கைக் கருத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னால் எல்லாம் இதில்தான் இடறி விழுகின்றது.

அந்த மூன்று நாளும் பள்ளிக்கு விடுப்பு எழுதுவேன். கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளி. விலக்கு என்று எழுத நாணம். ஆதலால் ஒவ்வொரு மாதமும் காரணம் என்ற இடத்தில் 'காய்ச்சல்' என்று எழுதினேன். பொய்தான். ஆனால் பிழையற்ற பொய்.

அவ்வாண்டு வைகாசியில், புதுச்சேரியில் படித்து வந்து காரைக்காலில் தனியே மருத்துவம் பார்த்த ஒருவரிடம் இருவரும் சென்றோம். ஊர் அவரைத் தொக்தர் என்று அழைத்தது. அவர் என்னை மதாம் என்று அழைத்தார். எவரும் எனக்குச் சொல்லாத ஒன்றை அவர் ஐந்தே நிமிடத்தில் சொன்னார்.

"மாசத்துக்கு ரெண்டு பாதி உண்டு, மதாம். நடுவுல முட்டை வெளிய வருது. அதுக்கு முந்தி முன்பாதி, அதுக்கு அப்புறம் பின்பாதி. முன்பாதி நீண்டாலும் குறைஞ்சாலும் பெரிசா மோசமில்ல. பின்பாதிதான் பாக்கணும். கரு வந்து ஒட்டுறதுக்கு உள்ள மெத்தை போட்டு வெக்கிற காலம் அது. பன்னெண்டு, பதினாலு நாள் இருந்தா மெத்தை நிக்கும். பத்துக்குக் கீழ போச்சுன்னா, விருந்தாளி வந்து ஒக்காரதுக்குள்ள மெத்தையச் சுருட்டிட்டாங்கன்னு அர்த்தம்."

"அது எத்தனை நாள்னு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"உடம்பே சொல்லும். முட்டை வெளிய வந்ததும் சூடு கொஞ்சம் ஏறும். அரை டிகிரிகூட இருக்காது. தூரம் வர்ற வரைக்கும் ஏறினபடியே நிக்கும். காலைல கண்ணைத் தொறந்ததும், படுக்கைய விட்டு எழுந்திரிக்காம, தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்து எழுதுங்க."

நான் கற்ற பழம்பாடல்களில் பெண்ணின் உடல் வெம்மைக்குப் பஞ்சமே இல்லை. பிரிவால் நிலவு சுடும், சந்தனம் கொதிக்கும், மேனி பட்ட மலர் கருகும். அந்த வெம்மையை அளந்து தாளில் குறித்துவைக்கலாம் என்று மட்டும் ஒரு புலவருக்கும் தோன்றவில்லை.

வெப்பமானியைப் பிரெஞ்சுக்காரர் வாயில் வைப்பதில்லை. மருந்துக்கடைக்காரர் அதைத் தாளில் சுற்றிக் கொடுக்கும்போது என் கணவரின் காதில் வேறோர் இடத்தைச் சொன்னார். அந்தச் செய்தி எங்களுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

"ஏன்டி, பரங்கிக்காரன் அதை எங்க வெப்பான்னு தெரியுமா?" என்று மாமியார் வாசலிலேயே மறித்தார்.

"நான் பரங்கிக்காரி இல்லைங்க, அத்தை."

"எவளா இருந்தா என்ன? அந்தக் குச்சி அடுப்பங்கரைப் பக்கம் வரக்கூடாது. கூடத்து அலமாரில இருக்கட்டும். சாவி என் புள்ளகிட்ட இருக்கட்டும்."

நான் எந்த வழியைப் பின்பற்றினேன் என்பதற்கு ஒரே சான்று நான். சொல்லப்போவதில்லை.

இவ்வாறு வெப்பமானி அலமாரியில் குடிபுகுந்தது. விடியலில் கணவர் அதை எடுத்துத் தருவார், நான் அளப்பேன், அவர் அலுவலகத்துக் கட்டத்தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார். அழகான கோடு. மயிரிழை கனம், ஒரே சீர். அந்த மூன்று நாளில் மட்டும் அலமாரியில் இருந்ததை நான் தொட முடியாது; ஆகவே அளவு இல்லை. நான்காம் நாள் தலை முழுகி வந்ததும் மீண்டும் அளப்பேன். விலக்கு நாளைச் சிவப்புப் புள்ளியால் குறிக்கும்படி தொக்தர் சொல்லியிருந்தார். என் கணவர் அதைக் குறித்தார். மூன்று மாதத் தாளை எடுத்துக்கொண்டு ஆவணியில் மீண்டும் சென்றோம்.

தொக்தர் விரலால் கட்டங்களை எண்ணினார். முகம் மலர்ந்தது.

"சிவப்புப் புள்ளிலேந்து சூடு ஏறுற வரைக்கும் பதினாலு. ஏறினதுலேந்து அடுத்த சிவப்புப் புள்ளி வரைக்கும் பன்னெண்டு. மூணு மாசமும் இதேதான். மதாம், இதைப் புஸ்தகத்துலயே போடலாம். உங்ககிட்ட ஒரு கொறையும் இல்ல." பின்பு கணவர் பக்கம் திரும்பி, "முசே, அப்ப உங்களைத்தான் பாக்கணும்" என்றார்.

கணவரின் முகம் அன்றுபோல் வெளுத்ததை நான் அதற்கு முன்போ பின்போ கண்டதில்லை. அவர் கையில் ஒரு சிறு கண்ணாடிப் புட்டி தரப்பட்டது. அதை நிரப்பிக் கொண்டுவந்து கொடுக்க அவருக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. ஆடி மாதத்து வாய்க்காலில் நீர் வர இவ்வளவு நாள் ஆனதில்லை என்று நான் கூறியதை அவர் இன்றளவும் மன்னிக்கவில்லை. முடிவு நன்றாக இருந்தது. அவரிடமும் குறையில்லை என்று பிரெஞ்சு மொழியில் எழுதி, வட்ட முத்திரையிட்டுத் தொக்தர் ஒரு தாள் கொடுத்தார்.

அந்தத் தாளே எனக்கு வினையாயிற்று. மாமியார் அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, முத்திரையைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, சுருக்குப்பைக்குள் வைத்தார். மறுவாரம் குறும்பகரம் சென்றார். அங்கே பத்து மா நன்செயும் மணமாகாத மகளும் உடைய தூரத்து உறவினர் ஒருவர் இருந்தார். மணமகனின் தகுதிக்குச் சான்றாக அந்த உறவினர் முன் மாமியார் எடுத்து நீட்டியது இந்தத் தாளையே. அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. இருவருமாக முத்திரையைப் பார்த்து மகிழ்ந்திருக்கின்றனர்.

எல்லைக்கு அப்பால், சென்னை மாகாணத்தில், மனைவி இருக்க இன்னொருத்தியை மணப்பது குற்றம் என்று சட்டம் வந்துவிட்டிருந்தது. எல்லைக்கு இப்பால் எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பது பிரெஞ்சு அரசின் முழக்கம். அதில் சுதந்திரத்தைத் தம் மகனுக்கும், சமத்துவத்தை எனக்கும் வரவிருந்தவளுக்கும் மாமியார் பங்கிட்டுவிட்டார். சகோதரத்துவத்தை நாங்கள் இருவரும் பார்த்துக்கொள்ள வேண்டியது.

"தை மாசம் வரைக்கும் பாப்பேன்" என்று அவர் என்னிடம் வெளிப்படையாகவே கூறினார். "பொங்கல் கழிஞ்சு எட்டாம் நாளு தாம்பூலம் மாத்திக்கலாம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அதுக்குள்ள நீ நின்னுட்டா நானே போய் வேணாம்னு சொல்லிடுறேன். உன்மேல எனக்கு என்ன கோவம்? எனக்குப் பேரப்புள்ள வேணும், அவ்வளவுதான்."

"அவரு என்னங்க சொல்றாரு?"

"அவன் என்ன சொல்லுவான்? சோறு போட்டா சாப்பிடுவான்."

கணவரையும் கேட்டேன். "அம்மா சொல்றாங்க…" என்று தொடங்கிய வாக்கியத்தை முடிக்காமலே அலுவலகம் போனார். எழுவாயும் பயனிலையும் இருந்தும் பொருள் இல்லாத வாக்கியத்தை அன்றுதான் கேட்டேன்.

இந்நிலையில்தான் தலைமையாசிரியை இடையே வந்தார். பிரான்சிலிருந்து அவ்வாண்டு வந்து சேர்ந்த கன்னிகை அவர். தமிழை நூல்களிலிருந்து மட்டுமே கற்றவர். காரைக்கால் முழுவதிலும் இலக்கணம் வழுவாமல் பேசிய ஒரே ஆள் என்பதால் அவரிடம் எனக்குத் தனி அன்பு உண்டு. கார்த்திகையில் ஒரு நாள் என்னைத் தம் அறைக்கு அழைத்தார்.

"ஆசிரியையே, உமது உடல்நலம் குறித்துக் கவலையுறுகிறேன். திங்கள்தோறும் மூன்று நாள் உமக்குக் காய்ச்சல் வருகின்றது. தவறாமல் வருகின்றது. இது கொசுக்கடியால் வரும் முறைக்காய்ச்சல் என அஞ்சுகிறேன். ஏட்டிலிருந்து நாள்களைக் குறித்துள்ளேன். மருத்துவரிடம் காட்டுவீராக."

அந்த முகத்தின் அக்கறைக்கு முன்னால் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாளை வாங்கிக்கொண்டேன். பொய் சொல்லி வாங்கிய தாளைக் கிழித்தெறியவும் மனம் வரவில்லை. அத்தனை திருத்தமான கையெழுத்து. அன்று மாலை தொக்தரிடம் செல்வதாக முன்பே ஏற்பாடு. குறையில்லாத இருவருக்கும் ஏன் குழந்தையில்லை என்று கடைசியாக ஒரு முறை கேட்கப் போனோம். கட்டத்தாள்களை எடுத்தபோது துண்டுத்தாளும் சேர்ந்து அவர் மேசையில் விழுந்தது.

"இது என்ன?"

"காய்ச்சல் வந்த நாளுங்க" என்றேன், தலையைக் குனிந்தபடி.

அவர் அதைக் கட்டத்தாளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மதாம், காய்ச்சல் அடிச்ச மூணு நாளும் உங்க சூடு எறங்குதே! அதுவும் படிக்கட்டு மாதிரி, ஒரே சீரா. உலகத்துல எந்த உடம்பும் இப்படி ஸ்கேல் வெச்சு எறங்காது. யார் போட்டது இந்தக் கோடு?"

"நான்தாங்க" என்றார் கணவர்.

"அளந்து போட்டதா?"

"அந்த மூணு நாளு அளக்கலீங்க. அலமாரிய அவ தொடக்கூடாதுல்ல. ஆனா கோடு அறுந்து நிக்கக்கூடாதே. எல்லைக்கல்லு காணாத எடத்துல ரெண்டு பக்கத்துக் கல்லையும் நேர்கோடாச் சேத்துடணும். எங்க ஆபீசு முறைங்க அது."

"சரி, இந்தச் சிவப்புப் புள்ளி?"

"அது தலைக்கு ஊத்திக்கிட்ட நாளுங்க. அதுலேந்துதானே மாசம்?"

தொக்தர் பென்சிலை எடுத்து ஒவ்வொரு சிவப்புப் புள்ளியையும் மூன்று கட்டம் பின்னால் நகர்த்தினார். பதினான்கு பதினேழாயிற்று. பன்னிரண்டு ஒன்பதாயிற்று. எல்லா மாதத்துக்கும் அதே. புத்தகத்தில் போடத்தக்க என் பின்பாதி ஒன்பதே நாளாகச் சுருங்கி மேசைமீது கிடந்தது.

"முசே," என்றார் தொக்தர் மெல்ல, "இது வயல் இல்ல. உங்க பெண்சாதி."

வீடு திரும்பும் வழியில் கணவர் எனக்கு இரண்டடி பின்னால் நடந்தார்.

"மூணு நாளை உன் பின்பாதில ஏத்திட்டேன்" என்றார்.

"அடுத்தவன் வயல்ல மூணு அடி ஏத்திப் போட்டா உங்க ஆபீசுல என்ன பண்ணுவாங்க?"

"வேலைய விட்டு எடுத்துடுவாங்க."

"இங்க என்னைய எடுக்கப் பாக்கிறாங்க. கோடு போட்டது நீங்க."

அவர் எட்டி நடந்து என் பக்கத்துக்கு வந்தார். பிறகு, "அம்மாகிட்ட நான் பேசுறேன்" என்றார்.

"எப்பங்க?"

"மொதல்ல புதுச்சேரி போய் மருந்து வாங்கிட்டு வந்துடுறேன்."

தாயிடம் பேசுவதைவிட இரு அரசின் சுங்கத்தையும் கடந்து புதுச்சேரி போய்வருவது அவருக்கு எளிதாக இருந்தது. பின்பாதியில் மெத்தையை நிறுத்திவைக்கும் சுரப்பு என்று தொக்தர் எழுதிக்கொடுத்த மருந்து அது. எண்ணெயில் கரைத்து, சிறு கண்ணாடிக் குப்பிகளில் வரும். சூடு ஏறிய பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள், நான்கு ஊசி. பேருந்தில் கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி வழியாக அவர் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். எல்லையில் சுங்கக்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். இது என்ன மருந்து என்றும் கேட்டார். வரிசையில் நின்ற இருபது பேருக்கு நடுவே அதற்கு விடை சொல்ல நேர்ந்ததில் கணவர் பெட்டியை அவசரமாக மூடப் பார்த்தார். இரண்டு குப்பிகள் கல்தரையில் விழுந்து உடைந்தன. சுங்கக்காரர்மீது குற்றமில்லை, அவர் கேட்டது முறையான கேள்வி. மீதி இரண்டு வீடு வந்தன.

அந்த மூன்று நாளும் அளக்க வேண்டும் என்று தொக்தர் கட்டளையிட்டிருந்தார். ஆகவே மாமியாரிடம் வழக்காடினேன்.

"அத்தை, அந்தக் குச்சி தீட்டுதானே?"

"தீட்டுக்கெல்லாம் தீட்டு."

"தீட்டு தீட்டோட இருக்கிறதுதானே நியாயம்? பின்கட்டுல எங்கிட்டயே இருக்கட்டுமே. சாமி மாடம் இருக்கிற கூடத்துல எதுக்குங்க அது?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "படிச்சவளைக் கட்டி வெச்சா இதான்" என்று கூறி வெப்பமானியை அலமாரியிலிருந்து வெளியேற்றினார்.

மார்கழி இருபத்தோராம் நாள் சூடு ஏறியது. இரண்டு ஊசிகளையும் ஒரு நாள் இடைவிட்டு இட்டுக்கொண்டேன். எண்ணெய் ஊசி, உட்காரும்போதெல்லாம் முன்சொன்ன எழுவரும் நினைவுக்கு வந்தனர். என் வழக்கப்படி ஒன்பது நாள் கழிந்தால் பொங்கலன்றே நான் பின்கட்டுக்குப் போக வேண்டும்.

மாமியாரும் அதை எண்ணியிருந்தார். போகியன்று மாலையே பின்கட்டில் பாயை விரித்து, செம்பில் நீர் வைத்துவிட்டார். "நாளைக்குப் பொங்கப் பானையத் தொட்டுட்டு அப்புறம் ஒக்காராத. முன்னமே சொல்லிடு" என்றார். அதில் பகை இல்லை. பொங்கல் தீட்டுப்படக் கூடாது. அவ்வளவே அவர் கவலை.

பொங்கல் காலை வெப்பமானி முப்பத்தாறு புள்ளி ஒன்பதில் நின்றது. என் தாள்களில் பத்தாவது நாளைக் கண்ட முதல் பின்பாதி அது. பானையைக் கிளறினேன். பதினொன்றாம் நாளும் அதே அளவு. பன்னிரண்டாம் நாள், முன்பு என் கணவர் அளவுகோலால் வரைந்து கொடுத்த இடத்துக்கு நான் என் உடம்பாலேயே வந்து சேர்ந்தேன். விடியலில் அவர் வெப்பமானியை விளக்கருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் வைத்த புள்ளியைத் தாளில் இன்றும் காணலாம். ஏழு தாளிலும் அது ஒன்றே கோணலான புள்ளி.

"என்னடி, இன்னும் ஒக்காரலியா?" என்றார் மாமியார் தை ஆறாம் நாள் காலை.

"இல்லைங்க, அத்தை."

அவர் விரலை மடக்கி எண்ணினார். மறுபடி எண்ணினார். பின்கட்டுக்குப் போய்ப் பாயைச் சுருட்டிவைத்துவிட்டு வந்தார். தாம்பூலம் மாற்றுவதற்கு இரண்டு நாளே இருந்தது. குறும்பகரத்துக்குப் போகவிருந்த வண்டிக்காரரைக் கூப்பிட்டு, தாம் இப்போது வருவதற்கில்லை என்று சொல்லச் சொன்னார். காரணம் கேட்டால் என்ன சொல்வது என்றார் வண்டிக்காரர்.

"மருமவளுக்குக் காய்ச்சல்னு சொல்லு" என்றார் மாமியார்.

கணவர் கூடத்தில் நின்றிருந்தார். தாயிடம் பேசுவதாகச் சொன்னதை அவர் அன்றுவரை பேசியிருக்கவில்லை. அன்று பேசினார். "இப்ப வரலைன்னு சொல்லாம, வேணாம்னே சொல்லி அனுப்பிடுங்கம்மா" என்றார். ஒரே வாக்கியம், ஆனால் முடித்துவிட்டார்.

மாசி மாதத்தில் தலைமையாசிரியை என்னை வழிமறித்தார். "ஆசிரியையே, இரு திங்களாக உமக்குக் காய்ச்சல் வரவில்லையே! நலந்தானே?"

"வராமையே நலம், அம்மையீர்" என்றேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார். பின் விடுப்பேட்டை நினைத்திருக்க வேண்டும். காது மடல் வரை சிவந்தார். அதன்பின் எந்த ஆசிரியையின் காய்ச்சலைக் குறித்தும் அவர் கேட்டதில்லை.

மகள் புரட்டாசியில், தொக்தர் குறித்த நாளிலேயே பிறந்தாள். தலை முழுகிய நாளிலிருந்து எண்ணிய மாமியார் பேத்தி மூன்று நாள் முந்திவிட்டாள் என்று கூறி, அவளுக்கு அவசரக்காரி என்று செல்லப்பெயர் இட்டார். நான் திருத்தவில்லை.

இனித் தெரியாதவற்றைச் சொல்லி நிறுத்துகிறேன். அந்த ஐந்தாண்டும் என்னைத் தடுத்தது ஒன்பது நாள் பின்பாதிதானா என்பது தெரியாது. பின்பாதி குறுகிய பெண்களும் மருந்தின்றிப் பிள்ளை பெற்றதுண்டு என்று தொக்தரே பிற்காலத்தில் சொன்னார். இட்டுக்கொண்ட இரண்டு ஊசி உதவினவா, அவையின்றியும் அம்மாதம் அப்படியேதான் நடந்திருக்குமா என்பது தெரியாது. மகள் பிறந்த பின், தாள் வரையாமல் ஓராண்டு அளந்தபோது பின்பாதி சில மாதம் ஒன்பதும் சில மாதம் பதினொன்றுமாக இருந்தது. ஏன் என்று தெரியாது. இரண்டாவது குழந்தை உண்டாகவில்லை. அதன் காரணமும் தெரியாது. முத்திரையிட்ட அந்தப் பிரெஞ்சுத் தாள் குறும்பகரத்திலிருந்து திரும்பி வந்ததா என்பது தெரியாது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு இதில் சம்மதம் இருந்ததா, எவராவது அவளைக் கேட்டார்களா என்பதும் எனக்குத் தெரியாது.